பட்டன் அளவு வட்டம்

உக்காருங்க தம்பி. அதுல வேண்டாம், கால் ஆடும். இந்த நாற்காலியில உக்காருங்க. கேட்டுக்கு வெளிய குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு, உங்க வீட்டம்மாவா? உள்ள வரச் சொல்லுங்களேன், திண்டுக்கல் வெயில் மண்டையைப் பொளக்குது. இருக்கட்டும்ங்கிறீங்களா? சரி, உங்க இஷ்டம். சௌந்தரம்! காபி போடு. தம்பி நம்ம ஜெயக்கொடியைப் பத்தி விசாரிக்க வந்திருக்காரு.

காது நல்லாக் கேக்கும் என் வீட்டுக்காரிக்கு. பதில்தான் வராது. தை மாசத்துல இருந்து நிறுத்திட்டா. சோறு வரும், துவைச்ச வேட்டி வரும், பேச்சு வராது. அது ஏன்னு கடைசியில சொல்றேன்.

ஆக, உங்க வீட்டு முன்பக்கத்தை வாடகைக்குக் கேட்டிருக்கா. இதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தேன்னு நீங்க கேட்டிருக்கீங்க. அவளே என் அட்ரஸைக் குடுத்தாளா? தெய்வநாயகம் சார் வீடு, மாடியில ரோஜா இருக்கும்னு அவ வாயாலயே சொன்னாளா? வேற யார் பேரையாவது சொல்லியிருக்கலாமே. இங்க வந்து கேட்டா நான் என்ன சொல்வேன்னு அவளுக்குத் தெரியும். போன புரட்டாசியில ஒருத்தர் இதே மாதிரி வந்து இதே நாற்காலியில உக்காந்து கேட்டாரு. "கை சரியில்லை சார், பொறாமை பிடிச்ச பொம்பளை, யோசிச்சுக்கங்க"ன்னு சொன்னேன். அவர் வீடு குடுக்கலை. இப்ப மில்லுக்குப் பின்னாடி ஒத்தை ரூம்ல இருந்துக்கிட்டு காலர் தைச்சுப் போடுறாளாமே? ஆமா, கேள்விப்பட்டேன். ஒரு டெய்லருக்குத் தெருவைப் பார்த்த ரூம் வேணும் தம்பி. ஜாக்கெட் தைக்கிறவங்க சந்துக்குள்ள தேடிக்கிட்டா வருவாங்க?

அவளுக்கு வீடு கிடைக்கிறதும் கிடைக்காததும் இப்ப என் வாயில இருக்கு. அதான் கொஞ்சம் வளவளன்னு பேசுறேன். பொறுத்துக்கங்க.

நான் சர்வே ஆபீஸ்ல டிராப்ட்ஸ்மேன். முப்பத்தோரு வருஷம் கோடு போட்டவன். ஒரு வட்டத்தைக் காட்டுங்க, காம்பஸ்ல போட்டதா, கையால இழுத்ததா, வளையலை வச்சு வரைஞ்சதான்னு சொல்லிடுவேன். ரிட்டயர் ஆனதும் மாடியில தோட்டம் போட்டேன். அவரை, கத்திரி, வெண்டை, பன்னீர் ரோஜா பதினோரு தொட்டி. தோட்டம் வச்சவனுக்குப் பூச்சியைத் தெரியணும் இல்லையா? ஒவ்வொண்ணாப் பிடிச்சு, லென்ஸ் வச்சுப் பார்த்து, சார்ட் வரைஞ்சேன். அதோ சுவத்துல மாட்டியிருக்கே, அதுதான். சிவப்பு மையில எழுதுனதெல்லாம் எதிரி. அசுவினி, மாவுப்பூச்சி, காய்ப்புழு. பச்சை மையில எழுதுனதெல்லாம் நண்பன். பொறிவண்டு, கும்பிடுபூச்சி, தட்டான், குளவி. மொத்தம் நாப்பத்திரெண்டு. கால்ல இருக்கிற முள்ளைக்கூட விடாம வரைஞ்சிருக்கேன், கிட்டப் போயிப் பாருங்க.

இந்த வட்டாரத்துல மாடித்தோட்டம் வச்சவங்க எல்லாம் சேர்ந்து ஒரு குழு வச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை கூடுவோம். அங்க எனக்குப் பேரே பூச்சி சார். செடியில என்ன ஊர்ந்தாலும் போட்டோ எடுத்து எனக்குத்தான் அனுப்புவாங்க. ஒரு தடவை ஒரு டீச்சரம்மா அழாத குறையா வந்தாங்க. கத்திரி இலை பூரா கருப்பா, முள்ளு முள்ளா, குட்டி முதலை மாதிரி ஒரு புழு, மருந்தடிக்கப் போறேன்னாங்க. "ஐயையோ, கையை வைக்காதீங்க! அது பொறிவண்டோட குஞ்சு. அம்மாவை விட அதுதான் அதிகமா அசுவினியைத் தின்னும்"னேன். அப்புறம் எல்லாருக்கும் பொதுவாச் சொன்னேன். "மூஞ்சியைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. என்ன வேலை செய்யுதுன்னு உக்காந்து பாருங்க, அப்புறம் பேசுங்க." ரொம்ப நல்லாச் சொன்னீங்க சார்னாங்க. நானும் அதை எல்லாக் கூட்டத்துலயும் சொல்லுவேன்.

இப்ப அதை நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

ஜெயக்கொடி கீழ்வீட்டுக்குக் குடிவந்து ஆறு வருஷம் இருந்தா. புருஷன் கிடையாது. ஒரு பொண்ணு, நர்ஸிங் படிக்கப் போயி ஹாஸ்டல்ல இருக்கு. காலையில எட்டு மணிக்கு மிஷின் ஓட ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் கடகடன்னு ஓடும். சௌந்தரத்துக்கு அந்தச் சத்தம் இல்லாம மத்தியானம் தூக்கம் வராது. ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி. இவ குழம்பு அங்க போகும், அவ ரசம் இங்க வரும். என்னைப் பார்த்தா எந்திரிச்சு நின்னு "சார்"ம்பா. குறை சொல்ல ஒண்ணும் இல்லை. ஈரச் சேலையை ரோஜா மேல படுற மாதிரி காயப்போடுவா, அது ஒண்ணுதான். போன ஆனி மாசம் அதுக்குக் கொஞ்சம் சத்தம் போட்டேன். அவளும் முகம் வாடிப்போயி, கொடியைத் தள்ளிக் கட்டிக்கிட்டா.

அதுக்கு அடுத்த வாரம் பாருங்க, ரோஜா இலையில வட்டம்!

புழு தின்னா எப்படி இருக்கும்? கண்டமேனிக்குக் கடிச்சு வச்சிருக்கும். வெட்டுக்கிளின்னா ஓரம் பிசிறு பிசிறா இருக்கும். இது அப்படி இல்லை. ஓரத்துல இருந்து உள்ள வாங்கி, சுத்தமா, பிசிறில்லாம வட்டம் வட்டமா வெட்டி எடுத்திருக்கு. சிலது கொஞ்சம் நீளவட்டம். ஒரு தொட்டியில இருபது முப்பது இலை. நான் டிரேசிங் பேப்பர் வச்சு அளவெடுத்தேன். குறுக்களவு எல்லாம் ஒண்ணு போல இருக்கு! மனுசக் கை படாம இப்படி வராதுன்னு என் மூளை சொல்லுச்சு. சார்ட்டைப் பார்த்தேன். நாப்பத்திரெண்டுல ஒண்ணுகூட இந்த வேலை செய்யாது. என் சார்ட்டுல இல்லாத பூச்சி இந்தத் தெருவுல பறக்குமான்னு ஒரு திமிரு.

காவல் காத்தேன். விடிஞ்சும் விடியாம எந்திரிச்சுப் போயி தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னேன். சாயங்காலமும் நின்னேன். ஒருத்தரும் வரலை. ஆனா வெட்டு மட்டும் தினம் விழுது. மத்தியானம் மட்டும் நான் பார்க்கலை. மத்தியானம் சாப்பிட்டா எனக்குக் கண்ணு சொருகிரும். சர்க்கரை இருக்குல்ல.

ஆடி மாசம் ஒரு நாள், கரண்டு போயி, புழுக்கத்துல முழிப்பு வந்துருச்சு. மத்தியானம் மணி பன்னெண்டரை இருக்கும். மாடிக்குப் போறேன், ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்துல ஜெயக்கொடி நிக்கிறா. கையில பெரிய கத்திரிக்கோல். பக்கத்து இலையில பச்சை ஈரம் காயாத வட்டம்.

கொடிக்கயிறு நைஞ்சுபோச்சு சார், வெட்டிக் கட்ட வந்தேன்னா. கயிறு நைஞ்சுதான் இருந்துச்சு. அதை நான் பார்த்தேன் தம்பி. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். பத்து நாளா ஒளிஞ்சு நின்ன கோவம் எனக்கு.

வெட்டு விழுந்த இலை நாலைப் பறிச்சுக்கிட்டு, அவளை முன்னாடி விட்டுக் கீழ கூட்டிக்கிட்டு வந்தேன். அந்தக் கேட்டுக்கிட்டதான், இப்ப உங்க வீட்டம்மா நிக்கிறாங்களே, அதே இடத்துல. நான் போட்ட சத்தத்துல இஸ்திரிக்கடை கோட்டைச்சாமி வந்தான், எதிர்வீட்டுக்காரங்க வந்தாங்க, பள்ளிக்கூடத்துல இருந்து பிள்ளையைக் கூட்டிட்டு வந்த பொம்பளைங்க எல்லாம் நின்னுட்டாங்க. "உன் பட்டன் டப்பாவை எடுத்துட்டு வா"ன்னேன். கொண்டுவந்தா. ஒரு சட்டைப் பட்டனை எடுத்து இலையில இருந்த வெட்டு மேல வச்சேன். கச்சிதமா உக்காந்துச்சு. இன்னொரு இலை. அதுவும் உக்காந்துச்சு. எல்லாருக்கும் காட்டுனேன். "பார்த்துக்கங்க, பட்டனை வச்சு வெட்டியிருக்கா"ன்னேன். எனக்கு அப்ப என்ன பெருமைங்கிறீங்க! பெரிய கேஸைக் கண்டுபிடிச்ச மாதிரி.

அவ அழலை. மெதுவா ஒண்ணு சொன்னா. "சார், அது ஒரு வண்டு சார். கருப்பா, தேனீ மாதிரி இருக்கும். மத்தியான வெயில்லதான் வருது. இலையை வெட்டி, வயித்துக்கடியில வச்சுத் தூக்கிக்கிட்டுப் பறக்குது. நான் ரெண்டு மூணு தடவை பார்த்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

நான் சிரிச்சேன் தம்பி. வாய்விட்டுச் சிரிச்சேன். "கேட்டீங்களா கதையை! வண்டு வந்து பட்டன் அளவுக்கு இலையை வெட்டி மடிச்சு எடுத்துட்டுப் போகுதாம். யாருகிட்ட? எங்கிட்டயே!"ன்னேன். கோட்டைச்சாமி சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. "அக்கா, ஜாக்கெட் தைக்க எடுத்துட்டுப் போகுதோ?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. அதுக்கும் சிரிப்பு. சௌந்தரம் உள்ள இருந்து வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தா. "அவ அப்படிப் பண்றவ இல்லைங்க, வாங்க உள்ள"ன்னா. கையை உதறிட்டேன்.

"கத்திரிக்கோலைக் குடு, அது இங்கதான் இருக்கும்"னு கையை நீட்டுனேன். அவ குடுக்கலை. குனிஞ்சு, என் காலுக்கு முன்னாடி தரையில வச்சா. "கையில குடுத்தா சண்டை வந்துரும் சார், எடுத்துக்கங்க"ன்னா.

நீங்களும் உங்க வீட்டுல பார்த்திருப்பீங்க. கத்தி, கத்திரி, ஊசி எதையும் கைக்குக் கை குடுக்க மாட்டாங்க, கீழ வச்சுத்தான் எடுக்கணும்பாங்க. அத்தனை பேரு முன்னாடி அவ மானத்தை வாங்கிக்கிட்டு நிக்கிறேன், அவ சண்டை வந்துரக் கூடாதுன்னு தரையில வைக்கிறா. எனக்கு அப்ப அது உறைக்கலை. நடிக்கிறான்னு நினைச்சேன். இப்ப எந்த நேரமும் அதுதான் கண்ணுக்கு முன்னாடி நிக்குது.

ஆவணியில காலி பண்ணிட்டுப் போயிட்டா. மிஷினை வண்டியில ஏத்துறப்போகூட கத்திரிக்கோலைக் கேக்கலை. அவ போன பத்து நாள்ல மழை பிடிச்சுது. வெட்டும் நின்னுபோச்சு. பார்த்தீங்களா, அவ போனா, வெட்டும் போச்சுன்னு சௌந்தரத்துக்கிட்ட சொல்லிச் சொல்லிக் காட்டுனேன். புரட்டாசியில வந்தவர்கிட்ட அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

தை பொறந்து வெயில் நல்லா ஏறுச்சு. மறுபடியும் வட்டம்.

கீழ்வீடு பூட்டிக்கிடக்கு. மாடிக்கதவுச் சாவி என் இடுப்புல. அன்னிக்கு மத்தியானம் நான் படுக்கலை தம்பி. ஸ்டூலைப் போட்டு ரோஜாவுக்கு முன்னாடியே உக்காந்துட்டேன். பன்னெண்டு மணிக்கு வந்துச்சு. கருப்பா, தேனீ மாதிரி. அவ சொன்ன அதே மாதிரி. இலை ஓரத்துல உக்காந்து, தன்னையே காம்பஸ் முள்ளா வச்சுக்கிட்டுச் சுத்தி வந்து, கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள ஒரு வட்டம். வெட்டு முடியறப்ப இலையோட சேர்ந்து கீழ விழும்னு நினைச்சேன். விழலை. வயித்துக்கடியில சுருட்டிப் பிடிச்சுக்கிட்டுப் பறந்துச்சு. எங்கேன்னு நினைக்கிறீங்க? ரொம்ப தூரம் இல்லை. அதே தொட்டியில ரோஜா சாயாம இருக்க நான் ஊனியிருந்தேனே மூங்கில் குச்சி, அதோட ஓட்டைக்குள்ள! நான் அறுத்து, நான் நட்ட குச்சி. தினம் கையால பிடிச்சுத்தான் தண்ணி ஊத்துவேன்.

குச்சியைப் பிளந்து பார்த்தேன். உள்ள இலையைச் சுருட்டிச் சுருட்டி, பீடி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருக்கு. நீளவட்டம் சுத்துச் சுவருக்கு, வட்டம் மூடிக்கு. ஒவ்வொரு அறையிலயும் மஞ்சளாப் பூந்தூள் உருண்டை, அது மேல ஒரு முட்டையோ புழுவோ. தன் பிள்ளைக்குப் பெட்டி தைக்குது தம்பி அது. புத்தகத்துல தேடுனா இலைவெட்டித் தேனீன்னு போட்டிருக்கு. செடிக்கு ஒரு கெடுதலும் கிடையாதாம். நாலு இலை போகும், அவ்வளவுதான். அவரை, துவரைப் பூவுக்கெல்லாம் இது வந்து உக்காந்தா காய் நல்லாப் பிடிக்குமாம். ஆறு வருஷமா என் அவரை கொத்துக்கொத்தாக் காய்ச்சப்போ, என் கைராசின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். குச்சியைப் பிளந்துட்டேனே, அந்தக் கூட்டையும் நான்தான் கெடுத்தேன். நூலைச் சுத்திக் கட்டி வச்சேன். பிழைச்சுதான்னு தெரியலை.

அன்னிக்கே கிளம்பிப் போயி அவ கால்ல விழுந்திருக்கணும். போகலை. என்ன பண்ணேன் தெரியுமா? சொல்லவே வாய் கூசுது.

அடுத்த ஞாயித்துக்கிழமை குழுவுல அதைப் பாடமா நடத்துனேன். "நாப்பத்தி மூணாவது பூச்சி, நானே உக்காந்து பார்த்துக் கண்டுபிடிச்சேன்"னு. பெருசா வரைஞ்சு, பச்சை மையில எழுதி. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் வாங்கிக்கிட்டேன். ஒருத்தர் எந்திரிச்சு, "உங்களை மாதிரி பொறுமை யாருக்கு வரும் சார்"னாரு. பின்வரிசையில சௌந்தரம் உக்காந்திருந்தா. அவளுக்கு அப்பத்தான் விஷயமே தெரியும். எந்திரிச்சா, செருப்பை மாட்டுனா, தனியா நடந்து வீட்டுக்கு வந்துட்டா. அன்னிக்கு நின்ன பேச்சுதான்.

தம்பி, நீங்க தாராளமா வீடு குடுங்க. அந்தப் பொண்ணு சொக்கத்தங்கம். வாடகை கேக்க வேண்டியதே இருக்காது, முதல் தேதி தானா வந்துரும். வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். தப்பு பூரா எங்கிட்டதான். ஒண்ணே ஒண்ணு, இதைத் தெருவுல மட்டும் சொல்லிக்க வேண்டாம். கோட்டைச்சாமிக்கெல்லாம் தெரிஞ்சா, பூச்சி சார்னு கூப்பிட்டுச் சிரிப்பான். குழுவுல ஒரு மரியாதை இருக்கு. வயசு அறுபத்தெட்டு ஆச்சு, புரிஞ்சுக்கங்க.

இருங்க, பீரோவைத் திறக்கிறேன். இதோ, அவ கத்திரிக்கோல். பழைய சார்ட் பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன். மாசா மாசம் எண்ணெய் போடுறேன், துரு ஏறலை. இதை அவகிட்டக் குடுத்திருங்க. கையில தரக் கூடாது, இப்படி மேஜையில வைக்கிறேன், எடுத்துக்கங்க. அப்படியே நான் வருத்தப்பட்டேன்னும் சொல்லிருங்க. என்ன, எடுக்க மாட்டேங்கிறீங்க?

காபி வாசனை வருதே. சௌந்தரம், இங்க கொண்டா. அடியே, எங்க போற? தம்பி இங்க இருக்காரு, நீ டம்ளரைத் தூக்கிக்கிட்டு வெளிய போறே? வெயில்ல நிக்கிறாங்களே அந்தம்மாவுக்கா? அவங்களைத்தான் உனக்குத் தெரியாதே...

என்ன தம்பி, இவ அழுதுக்கிட்டே அவங்க தோளைப் பிடிக்கிறா. குடையை மடக்குறாங்க பாருங்க.

ஐயோ.

ஏன் தம்பி சொல்லலை? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தேனே. அவதான் வரமாட்டேன்னு சொன்னாளா? கேட்டைத் தாண்டி உள்ள கால் வைக்க மாட்டேன்னாளா? சரி, சரி. நானே வர்றேன். கத்திரிக்கோலை எடுத்துக்கிறேன். நீங்க முன்னாடி நடங்க. வேண்டாம், கூடவே வாங்க.

ஜெயக்கொடி. நல்லா இருக்கியாம்மா? பொண்ணு படிப்பு முடிஞ்சுதா? நான், வந்து, தம்பிகிட்ட எல்லாம் சொல்லிட்டேன்மா. ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். வீடு உனக்குத்தான். இந்தா, உன் கத்திரிக்கோல்.

என்ன கோட்டைச்சாமி? ஒண்ணுமில்லைய்யா, ஒண்ணுமில்லை. வீடு விசாரிக்க வந்திருக்காங்க. நீ போயி இஸ்திரியைப் பாரு.

ஏம்மா அப்படிப் பார்க்கிறே? சௌந்தரம், நீ ஏன் அப்படிப் பார்க்கிறே? அவன்கிட்ட இப்ப எதுக்கு, நடுத்தெருவுல, அது எல்லாம் பொறுமையாச் சொல்லிக்கலாம்.

இந்தாம்மா, இந்தக் கேட்டுத் தூண் மேல வைக்கிறேன், எடுத்துக்க.

என்னம்மா? கையிலேயே குடுக்கணுமா? சண்டை வந்துரும்னு அன்னிக்கு நீதானேம்மா கீழ வச்சே?

வந்தா வரட்டும்ங்கிறா தம்பி. கையை நீட்டிக்கிட்டே நிக்கிறா.